பதினாலு குரல் துண்டுகள்

இத்தா 41ஆம் நாள். திங்கள்.

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல், இரண்டு தரம் கூட்டியாயிற்று. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் அரை இறாத்தல். மகளுக்கு மூக்கு வடிகிறது.

பகல் தங்கச்சி றிஸானா வந்தாள், தில்லையடியிலிருந்து. ஃபோட்டோ கொப்பி கடையில் வேலை, கம்ப்யூட்டர் தெரியும். என் புருசன் இறந்த மௌத்து வீட்டு நெரிசலில் வாளித் தண்ணீருக்குள் விழுந்த என் போனை ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தாள். திருத்திக் கொண்டு வந்தாள்.

"பதினாலு குரலும் வந்திட்டு ராத்தா. ஆனா பேரும் இல்ல, நாளும் இல்ல. எது முதல், எது பொறகு எண்டு கடைக்காரருக்கும் தெரியாதாம்."

பதினாலும் அவருடையது. உச்சமுனையில் மீன் பிடிக்க வாடிக் குடிசையில் தங்கி நின்றபோது அனுப்பியது. மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு வரவில்லை என்று சண்டை பிடித்தேன். அதன் பிறகு வந்த ஒன்றையும் திறக்கவில்லை. போன் கோலும் எடுக்கவில்லை. ஒன்பது நாள் ரோசம். பத்தாம் நாள் அவர் மையித்துதான் வந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம்.

இன்றுதான் கேட்டேன். ஒன்றில் சொல்கிறார்: "இனி உன்னோட எனக்குக் கதை இல்ல. சரியா."

இது முதலாவதா, கடைசியா? அது மட்டும் தெரிய வேணும்.

42. செவ்வாய்.

காற்று குறையவில்லை. உப்புக் கருவாடு, பருப்பு.

துண்டுகளுக்குப் பேர் வைத்தேன். மகளின் கொப்பித் தாளைக் கிழித்து ஒவ்வொன்றில் ஒவ்வொரு பேர். ஸலாம். கோபம், அதுதான் 'கதை இல்ல' என்றது. மழை. ஐஸ் பெட்டி. வலை. சப்பாத்து. கொத்தமல்லி. இப்படிப் பதினாலு.

எல்லாவற்றையும் சரியான ஒழுங்கில் கேட்டால் என் காதுக்குத் தெரிந்துவிடும். அவர் கதைக்கிற விதம் எனக்குத் தெரியாதா? இத்தா முடிய எண்பத்தெட்டு நாள். புருசனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேணும், எங்கும் போவதில்லை. ஒவ்வோர் ஒழுங்காக மாற்றி மாற்றிக் கேட்பது. ஒரு ஒழுங்கும் விடக்கூடாது.

முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேணும். மூன்று துண்டுக்கு ஆறு ஒழுங்கு. லேசு. நாலு துண்டுக்கு இருபத்து நாலு. அஸர் தொழுகை வரை ஐந்து துண்டு எழுதினேன். நூற்றிருபது. விரல் வலி. கொப்பியில் பாதி முடிந்தது.

இன்னும் ஒன்பது துண்டு தாள் பாயில் கிடக்கிறது.

44. வியாழன்.

தலையிடி. மாமி நேற்றிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்று வாய் திறந்தார்.

"இத்தால இரிக்கிற பொம்புள நாள் முழுக்க ஆம்புளக் குரல் கேட்டுக்கிட்டு இரிக்கலாமா?"

"உங்கட மகன்ட குரல்தானே மாமி."

"ஆருட குரலா இருந்தாலும் சத்தத்தக் குறை. வேலிக்கு வெளிய கேக்குது."

மௌலவியின் மனைவியிடம் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். பாதகமில்லை என்றாராம். அதையும் கோபமாகத்தான் வந்து சொன்னார்.

ஆறு துண்டு எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். ஏன் இப்படிப் பெருகுகிறது என்று இன்றுதான் பிடிபட்டது. புதுத் துண்டு ஒன்று வந்தால் அது முன்னுக்கு நிற்கலாம், கடைசியில் நிற்கலாம், ஒவ்வோர் இடைவெளிக்குள்ளும் புகலாம். பழைய நூற்றிருபதில் ஒவ்வொன்றுக்கும் ஆறு இடம். ஏழாவது வந்தால் அத்தனைக்கும் ஏழு. விளக்கம் லேசு. வருகிற தொகைதான் பயமாக இருக்கிறது.

47. ஞாயிறு.

றி. வந்தாள். கொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"கையால எழுதி முடியாது ராத்தா. கம்ப்யூட்டருக்குச் சொன்னா அதுவே எல்லா ஒழுங்கையும் எழுதித் தரும். நாளைக்குக் காலம கடைல போட்டுப் பாக்கிறன்."

போனில் தட்டிப் பெருக்கினாள். வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எட்டாயிரத்து எழுநூத்திப் பதினேழு கோடி. மிச்சமும் இரிக்கி, அத நான் சொல்லல்ல. ஒருக்கா கேட்டு முடிக்கப் பத்து நிமிசம். நித்திர இல்லாம, தொழுக இல்லாம, சோறு தின்னாமக் கேட்டா பதினாறு லெச்சம் வருசத்துக்கு மேல."

"பதினாறு வருசமா?"

"லெச்சம் ராத்தா."

மாமி குசினியிலிருந்து: "எண்பத்திமூணு நாள்ல முடியாதா அப்ப?" றி. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நாற்பத்தேழு நாளில் முதல் தரம்.

அவள் போன பிறகு பதினாலு தாளையும் கையில் எடுத்தேன். ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. அதற்குள் பதினாறு இலட்சம் வருசம். சுப்ஹானல்லாஹ்.

அப்போ ஜும்ஆத் தொழுகைக்கு நிற்கிற ஸஃப் வரிசை? ஒரு வெள்ளிக்கிழமை நின்ற மாதிரி இன்னொரு வெள்ளிக்கிழமை யார் பக்கத்தில் யார் என்று நின்றே இருக்காதே. ஒவ்வொரு கிழமையும் புதுசு. ஒருவருக்கும் தெரியாமல்.

48. திங்கள்.

தூறல். உடுப்பு காயவில்லை. மகளுக்கு மூக்கு சுகம்.

பின்னேரம் றி. கோல் எடுத்தாள். கம்ப்யூட்டர் காலையிலிருந்து எழுதி எழுதி, இடமெல்லாம் நிரம்பி மத்தியானத்துக்கு முன் நின்றுவிட்டதாம். முதலாளி ஏசினாராம்.

"எவ்வளவு எழுதியிருந்திச்சு?"

"முதலாவதா ஸலாம் இருந்திச்சே, அது இன்னும் முதலாவதாத்தான் இரிக்கி. அந்த இடத்துக்கு அடுத்த பேர் வரவேயில்ல."

யோசித்துக்கொண்டே இருந்தேன். சோறு அடிப்பிடித்தது. அவர் அனுப்பியது ஒரே ஒரு ஒழுங்கு. இத்தனை கோடிக்குள் ஒன்று. அல்லாஹ்வுக்கு அது எண்ணாமலே தெரியும். எனக்கும் தெரிந்திருக்கும், அன்றன்றைக்குத் திறந்திருந்தால். வேறு ஒரு பாடும் பட்டிருக்கத் தேவையில்லை.

அழுகை. மகள் பார்த்துவிட்டாள்.

51. வியாழன்.

வெயில். அரிசி புடைத்தேன். மாமி கதிரையில். சத்தத்தைக் குறைத்துத்தான் போட்டேன். 'கோபம்' துண்டு ஓடியது.

மாமி தலை நிமிரவில்லை. "இதில நெஞ்சு தெளிவா இரிக்கே. இன்னும் இருமல் பிடிக்கல்ல என்ட பிள்ளைக்கு."

சுளகைக் கீழே வைத்தேன். பதினாலையும் முதலிலிருந்து போட்டேன், சொல்லை விட்டு இருமலை மட்டும் கேட்டோம். இரண்டு பேரும். மாமி விரலைக் காட்டுவார், நான் தாளை ஒதுக்குவேன்.

இருமல் இல்லாதது மூன்று: ஸலாம், கோபம், மழை.
வறட்டு இருமல் ஒன்பது.
சளி இறங்கின இருமல் இரண்டு: சப்பாத்து, கொத்தமல்லி.

கோபம் முதல் மூன்றுக்குள். கடைசி இல்லை.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

றி.யிடம் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பத்து மூணு லெச்சத்துச் சொச்சம்தான் இப்ப" என்றாள். எட்டாயிரத்து எழுநூறு கோடிக்கு மேல் இருந்தது. ஒரு இருமலில் அத்தனையும் உதிர்ந்துபோயிற்று. கம்ப்யூட்டர் இருமலைக் கேட்கவில்லை.

52. வெள்ளி.

காற்று இல்லை. கடல் சத்தம் வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்று வலியாம், பொய்.

கடைசி இரண்டையும் திரும்பக் கேட்டேன்.

"மகள்ட சப்பாத்து இறுக்கமா எண்டு கேட்டு வை. வரக்குள்ள புதுசு எடுத்துட்டு வாறன்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன். நீ அவிக்கிற மாதிரி வரல்ல. வந்து உன்ட கையால குடிக்கிறன்."

இதில் எது கடைசி? தெரியாது. எதுவாக இருந்தாலும் கோபம் இல்லை. நடுவில் ஒன்பது துண்டு ஒழுங்கில்லாமல் கிடக்கிறது. அதுவே மூன்று இலட்சத்துக்கு மேல் வருமாம். கிடக்கட்டும்.

தாள்களை மடித்து அலுமாரியில் வைத்தேன். கொத்தமல்லி வறுத்து, இஞ்சி தட்டிப்போட்டு அடுப்பில் ஏற்றினேன். பிறகு போனை எடுத்து அவர் நம்பருக்குக் குரல் பதிந்து அனுப்பினேன்.

"மகள்ட்ட கேட்டன். சப்பாத்து இறுக்கந்தானாம். கொத்தமல்லி அடுப்பில இரிக்கி."

அனுப்பியதற்கு ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது, போய்ச் சேர்ந்ததற்கு இரண்டாவது விழவில்லை. இது பதினைந்தாவது. இதன் இடம் தெரியும்.