மூட்டுக்கு எண்ணெய் வைத்தவள்

என் கண்ணு வசந்தி,

அம்மியை மறுபடியும் சமையலறைக் கதவோரம் நகர்த்தி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், உன் மாமா, பார்த்துவிட்டு அதைச் சுற்றி நடந்து உள்ளே போனார். நீ இருந்தபோது, "கொழுந்தியா வந்தாச்சு, இனிமே சட்னிக்கு லீவு" என்று லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கக் கத்துவாரே, அந்த மனுஷனா இவர்?

நீ காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதைச் சாமியிடம் தினமும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன், ஒளித்து வைத்தது போதும்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்கு உடனே நீ சொன்ன கதைதான் ஞாபகம் வந்தது. கெம்பஸில் படிக்கும்போது, நீ செய்த இயந்திரக் கையின் மூட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைப் பிரித்து, "மே மொகத்த, நங்கி?" இது என்ன தங்கச்சி என்று அதட்டினானாம். ரோபோவுடைய தோள்பட்டை என்று நீ சிங்களத்தில் சொன்னாயாம். மிச்ச உடம்பு எங்கே என்று கேட்டானாம் அவன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உள்ளே என்ன ஓடியது தெரியுமா? எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தாமல் இருந்திருந்தால், அந்தப் பையோடு அந்த பஸ்ஸில் நான் போயிருப்பேன் என்றுதான்.

அம்மா படுத்த வருஷம் ஒருத்தி வீட்டில் நிற்க வேண்டியிருந்தது. நான் நின்றேன். நீ படித்தாய். நீ தூங்கியபிறகு உன் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதனால்தான் கடைசி வருஷம் நீ ஒரு பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கும் புரிந்தது.

டயர் வார்க்கும் இரும்பு அச்சுகளைத் தூக்கி வைக்க ஓர் இயந்திரக் கை. கை விறைப்பாக இருந்தால், அச்சு ஓர் இம்மி தள்ளி உட்காரும்போதே உள்ளே பற்சக்கரம் உடைகிறது. வளைந்து கொடுக்கிற மாதிரி செய்தால் பாரத்தில் தொங்கிப்போகிறது. வளையவும் வேண்டும், தாங்கவும் வேண்டும்.

"ரெண்டும் எப்படிக்கா நடக்கும்?" என்றாய்.

"தலையில சும்மாடு வைக்கிறோமே, அது மெத்துன்னுதானே இருக்கு? குடத்தைத் தாங்கலையா?"

நீ ஒரு கனமான ரப்பர்க் கட்டி கொண்டுவந்தாய். அதன் மேல் அம்மியை ஏற்றினோம். மறுநாள் காலையில் கட்டி நாலு பக்கமும் பிதுங்கிக் கிடந்தது. "வயிறு தள்ளிருச்சு பாரு. மெல்லிசு மெல்லிசா வெட்டி நடுவுல தகரம் வையி. தகரம் புடிச்சுக்கும்" என்று பிஸ்கட் டின் மூடியை வெட்டிக் கொடுத்தது யார்? நான். அம்மி அன்றைக்கு நேராக உட்கார்ந்தது. பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் பிள்ளை மாதிரி அசைந்து கொடுத்தது.

கெம்பஸில் அதையே இயந்திரக் கைக்கு மூட்டாக, இரும்புத் தகடு வைத்து, ரப்பரை வேகவைத்து ஒட்டிக் கொண்டுவந்தாய். எத்தனை தடவை முறுக்கினால் விட்டுப்போகும் என்று பார்க்க வேண்டும். மூட்டின் மேல் அம்மி, மூட்டிலிருந்து கதவுக்குக் கம்பி. கதவைத் திறக்கும்போதெல்லாம் மூட்டு ஒரு முறுக்கு முறுகும். கொப்பியில் நான் ஒரு கோடு போடுவேன். நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். வீட்டுக் கணக்கைவிட ஒழுங்காக அந்தக் கோடுகளைப் போட்டேன். மாமா வாசலில் நின்று, "ரோபோகிட்ட கேட்டுச் சொல்லு, எனக்குப் பசிக்குது, உள்ள வரலாமா?" என்பார். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேனடி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "தகடு வைக்கிற ஐடியா யாரோடதுன்னு கெம்பஸ்ல படிப்பிக்கிற சேர் கேட்டாரு அக்கா. என்னோடதுன்னு சொல்லிட்டேன். வீட்டுல அக்கா சொன்னான்னா சிரிப்பாங்க."

"ஆமா, சிரிக்கத்தான் செய்வாங்க" என்று சொல்லி உனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. மாமாவின் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி, என் அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தேன். அம்மியை இறக்கி உன் மூட்டையும் சாமி முன்னால் வைத்தேன். அதற்கும் நல்லெண்ணெய் தடவினேன்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரும்புக்கு வைப்பதைப் பக்தியில் இதற்கும் வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் வைத்தேனே, அது என்ன பக்தி? விளக்கேற்றும்போதெல்லாம், நீ வந்து எடுத்துப்போகும் வரைக்கும், தகடும் ரப்பரும் சேரும் ஓரத்தில் விரலால் தடவி விட்டேன். நீ வருகிற அன்று நன்றாகத் துடைத்து, திருநீறு பூசிக் கொடுத்தேன்.

கெம்பஸில் எல்லாருக்கும் முன்னால் பாரம் ஏற்றியபோது ரெண்டாவது தகடு ரப்பரிலிருந்து பிரிந்துவிட்டது. திரும்பி வந்து உடைந்த துண்டை மூக்கருகில் கொண்டுபோனாய். என்னைப் பார்த்தாய். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அக்கா, சோறு இருக்கா?" என்றாய். அவ்வளவுதான்.

நீ திரும்பச் செய்தாய், பாஸ் பண்ணினாய், வரக்காப்பொலப் பக்கத்து டயர் ஃபெக்டரியில் வேலைக்குச் சேர்ந்து பெரிய மூட்டே செய்தாய். கெம்பஸுக்கு நீ எழுதிக் கொடுத்த அறிக்கையில் நன்றி சொல்லும் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெயர் இல்லை. எண்ணெய் வாசத்துக்கு முன்னாலேயே அதை எழுதிவிட்டாயா, பின்னாலா? இனி யாரிடம் கேட்பேன்?

போன வாரம் உன்னோடு வேலை செய்த நிலூகா உன் சாமான்களைக் கொண்டுவந்தாள். "அக்கே" என்று சிங்களத்தில் என்னை அக்கா முறை சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உனக்காக அழ இவள் யார் என்று அதற்கும் எரிந்தது எனக்கு. உன் இயந்திரக் கை இன்றும் ஓடுகிறதாம். மூட்டு விட்டுப்போகவே இல்லையாம். அதற்குக் காரணம் நீ அதன் மேல் போட்ட எண்ணெய் புகாத உறைதான் என்றாள். அந்த யோசனை உனக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாதாம்.

உன் கொப்பியில் எல்லாம் இங்கிலீஷ். ஒரே ஒரு இடத்தில் தமிழ்:

"அக்கா எண்ணெய் வைத்திருக்கிறாள். ஃபெக்டரியிலும் எண்ணெய் தெறிக்கும், நான் அதை யோசிக்கவே இல்லை. உறை போட வேண்டும். அக்காவிடம் கேட்கக் கூடாது."

படித்துவிட்டு நான் அழவில்லை வசந்தி. கோபம்தான் வந்தது. நான் செய்த கெடுதலைக்கூட எடுத்து நல்லதாக்கி, அதிலும் நீயே முதலாவதாக வந்துவிட்டாய். என்னைத் திட்டியிருந்தால் நாம் ரெண்டு பேரும் ஒரே மட்டத்தில் நின்றிருப்போம். பெரியவளாக இருப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் எனக்கும் தந்திருக்கக் கூடாதா?

நிலூகா புது மூட்டு ஒன்றை இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கை இன்னும் கனமான அச்சைத் தூக்க வேண்டுமாம். ஃபெக்டரியில் மெஷின் வைத்துச் சோதிப்பார்கள்தான். ஆனாலும் நீ அவளிடம் சொல்லியிருந்தாயாம், எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டி வந்தால்தான் நம்பலாம் என்று. அதை ஏனடி என்னிடம் சொல்லவில்லை?

புதுக் கொப்பி எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே நான் எண்ணெய் வைத்த கதையை முழுசாக எழுதிவிட்டேன், தமிழ் தெரிந்த யாரையாவது வாசிக்கச் சொல்லி நிலூகா தெரிந்துகொள்ளட்டும். கதவு திறந்தால் கோடு, திறக்காவிட்டால் இல்லை. இந்த ஆயுத பூஜைக்கு மூட்டுக்குப் பூ மட்டும் வைப்பேன். எண்ணெய் விளக்குக்கு. இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்போதுதான் மாமா கதவைத் திறந்தார். முதல் கோடு போட்டாயிற்று.

உன்மேல் இன்னும் பொறாமை தீராத,
உன் கூடப்பிறந்த அக்கா