இருபத்திரண்டு மணி நேரம்

அன்புத் தங்கச்சிக்கு,

டொராண்டோவில் குளிர் எப்படி? நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காதுகுத்த வேண்டும், சங்கரன்கோவிலுக்கு வா என்றேன். "திருவனந்தபுரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் பறக்கணும்ணே, குழந்தை தாங்காது" என்றாய். எட்டாம் வகுப்பில் பூகோளத்தில் ஜில்லாவுக்கே நான்தான் முதல். எனக்குத் தெரியாதா தூரம்? சரி என்றுவிட்டேன்.

போன வாரம் நீங்கள் சிட்னியில் கங்காருவோடு நிற்கிற படத்தை உன் ஸ்டேட்டஸில் பார்த்தேன். டிராவல்ஸில் விசாரித்தேன். டொராண்டோவிலிருந்து சிட்னி இன்னும் தூரமாம். பிள்ளை நன்றாகத் தாங்கியிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கினேன். காதில் கம்மல் மினுங்குகிறது. யார் மடி என்று நான் கேட்கவில்லை.

டீக்கடையில் வேல்ராஜ்தான் கேட்டான். "என்ன அண்ணாச்சி, காதுகுத்துன்னு ஊரெல்லாம் சொன்னீரு, பத்திரிகையைக் காணோமே?"

"ஏலே, அவ வரல, நான் போறேன்! டிக்கெட்டே அனுப்பிட்டா. இருபத்திரண்டு மணி நேரம்லே!"

நீ சொன்ன கணக்குதானே, தடுமாறாமல் வந்தது.

இப்போது சிவகிரியில் ஒரு கூட்டாளியின் தோட்டத்து மோட்டார் அறையில் இருக்கிறேன். ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பத்து நாள் கழித்து, கலர் பேப்பர் சுற்றிய சாக்லேட்டோடு ஊரில் போய் இறங்குவேன். விமானத்தில் ஜன்னல் சீட்டு எனக்கு.

என்றைக்காவது நீ வந்தால், என் மடியில்தான் குத்தியது என்று சொல்லிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை அழுதாளா என்று கேட்பார்கள். அதை மட்டும் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன்