உரசாமல் பற்றிய தூள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கொரியாவிலிருந்து சுந்தரேஸ்வரி. மூட்டுவலி தேவலையா? மிளகாய்க்கு மழை கிடைத்ததா?

போன வாரம் ஆய்வகத்தில் சின்ன அசம்பாவிதம். நான் செய்யும் வினையூக்கி, கரிசல் மண் போலக் கறுத்த தூள். அதில் கண்ணுக்குத் தெரியாத பல்லேடிய உலோகத் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் சில அணுக்கள்தான். நாள்கணக்கில் நடக்கும் வேதிவினையை அவை நிமிடங்களில் முடித்துவிடும். வடிகட்டிய தூளைக் காயவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் உன் பக்கத்திலேயே வளர்ந்தவள் அல்லவா, உரசாமல் எது பற்றும் என்று இருந்துவிட்டேன். காய்ந்த தூள் காற்றுப் பட்டே பற்றிக்கொண்டது. உடனே அணைத்துவிட்டார்கள். லேசான காயம்தான்.

கோவில்பட்டி ரயிலடியில் நீ சொன்னது நினைவிருக்கிறது. "என்னோட போகட்டும் ஏட்டி. நீ தீக்குச்சி மருந்துப் பக்கமே போகாத."

போன் கேமரா பழுது, அதனால்தான் கடிதம். நீ கட்டிப் பழசான நூல்சேலை ஒன்று அனுப்பு. இங்குள்ள தலையணை உறை உறுத்துகிறது.

கட்டு மாற்ற நர்ஸ் வந்துவிட்டார், முடிக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காமல் எழுதம்மா. தீப்பெட்டி ஆபீஸ் தீயில் உன் கன்னம் வெந்ததே, அதன்பிறகு எத்தனை நாள் கழித்து நீ கண்ணாடி பார்த்தாய்?

உன் மகள்,
சுந்தரேஸ்வரி