சம்மதம் கேட்ட சேதி

ரங்கூன், 1922 நவம்பர்

அன்புள்ள பவுனுக்கு,

இன்று அச்சுக்கூடத்தில் அயர்லாந்துச் சேதிக்கு எழுத்துக் கோர்த்தேன். புதிதாக விடுதலை பெற்ற அந்தத் தேசத்தின் அரசியல் சட்டத்தை ஒவ்வொரு பிரிவாகச் சபையில் வாசித்து, சம்மதம் கேட்டுத்தான் நிறைவேற்றினார்களாம். "சம்மதம்" என்று கோர்க்கும்போது என் கை நின்றுவிட்டது.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல்தான் கப்பலேற்றி இங்கே கூட்டிவந்தேன். நீ ஊருக்குத் திரும்பிப் போனதில் தப்பில்லை.

இங்கே தாமுவே பேட்டையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். "எப்போது குடிவருகிறாய்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி, பர்மியப் பெண். "என் சம்சாரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். சிரித்தாள்.

வருகிறாயா, பவுனு? வேண்டாமென்றாலும் உன் அண்ணனை எழுதச் சொல்லாதே. நீயே எழுது; உன் கையெழுத்தையாவது பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
உன் புருஷன்