எல்விரா பள்ளியின் கணக்குத் தேர்வு

அன்பு மகள் யாரெலிக்கு,

அம்மா எழுதுவது. கன்னி மரியாளின் கருணையால் நானும் உன் அப்பாவும் இந்த வெயிலிலும் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அலாஸ்காவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்த மாதம் அங்கே இரவிலும் வெளிச்சம் போவதில்லையாமே, தூக்கத்துக்கு என்ன செய்கிறாய்? ஜன்னலுக்குக் கெட்டியான துணி வாங்கிக் கட்டு. மருத்துவமனையில் நின்றுகொண்டே சாப்பிடாதே. அப்பாவுக்கு முதுகு பரவாயில்லை, பால் பண்ணையில் அவருக்கு இப்போது டிராக்டர் வேலைதான். நீ போன முறை போனில், ஏன் அம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, நான் எப்போதும் அப்படித்தானே, அதனால் எழுதுகிறேன். விஷயம் உன் ஞானத்தாய் எல்விராவைப் பற்றியது.

மாவட்டப் பள்ளிகளின் கணக்குத் தேர்வு முடிவுகள் வந்ததும் அவற்றைப் பார்த்து, சரி என்று கல்வி போர்டுக்குச் சொல்வது அலுவலகத்தில் என் வேலை என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் எல்விரா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மார்க் எங்கேயோ ஏறிவிட்டது. கடைசியில் கிடந்த பள்ளி இப்போது மாவட்டத்திலேயே முதலில் நிற்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அது நம்பும்படி இல்லை. போர்டு அந்தப் பள்ளியை மூடிவிட நாள் பார்த்துக்கொண்டிருந்தது, நான் சரி என்று சொன்னால் பள்ளி பிழைக்கும். அதே வாரம் எல்விரா ஒரு பெட்டி இனிப்பு ரொட்டியோடு என் மேஜைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. “எல்லாம் பாத்துட்டியா கொமாத்ரே, ஒண்ணும் சிக்கல் இல்லையே?” என்று கேட்டபோது, உன் ஞானஸ்நானத்திலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதானே கூப்பிடுகிறோம், அவள் கண் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தது. பிள்ளைகளுக்கு விடை சொல்லிக் கொடுத்திருப்பாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன். “உனக்குக் காலேஜ் போனதுலேர்ந்து எல்லாரும் திருடனாத்தான் தெரியறாங்க, போன வாரம் என் பீன்ஸையும் மோந்து பாத்தே,” என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் சந்தேகம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு துணி துவைக்கும் கடையில் பக்கத்து வீட்டு ஒதீலியாவின் மகள் நயேலி உட்கார்ந்திருந்தாள். நீ போகும்போது பல் விழுந்த வாயோடு கையாட்டினாளே, அவள்தான், ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். கணக்குத் தேர்வு எப்படி எழுதினாய் என்று சும்மாதான் கேட்டேன். “நான் எழுதலையே அத்தை. எங்க கொஞ்சப் பேரை மட்டும் லைப்ரரியில உக்கார வச்சுட்டாங்க. மீன் படத்துக்குக் கலர் அடிச்சோம்,” என்றாள். ஏன் என்றேன். “நாங்க ஊரை விட்டுப் போயிட்டோமாம்,” என்று சொல்லிவிட்டு, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே காலை ஆட்டினாள்.

மறுநாள் மதியமே அந்தப் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் குக்காவிடம் போனேன். அவள் எதையும் மறைக்கவில்லை, பாவம். “வருஷா வருஷம் மே மாசம் வடக்க செர்ரி பறிக்கப் போற குடும்பங்கதானே தாயி? அவங்க என்ன, வந்து சொல்லிட்டுப் போறாங்களா? நானா பதிவேட்டுலேர்ந்து பேரை எடுத்துடுவேன். இந்த வருஷம் அங்க பனி விழுந்து பூவெல்லாம் கருகிப்போச்சு, யாரும் கெளம்பலன்னு எங்கிட்ட எவ சொன்னா?” என்றாள். மற்ற வருஷங்களில் அவர்கள் கிளம்பும் முன்னாலேயே தேர்வு முடிந்துவிடும், இந்த வருஷம் பேரை எடுத்த பிறகுதான் தேர்வு வந்தது, பேர் இல்லாத பிள்ளைக்குத் தேர்வு இல்லை. செர்ரிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் வருஷத்தில் பாதி வகுப்பைத் தவறவிட்டுக் கணக்கில் திணறுகிறவர்கள், அவர்கள் இல்லாமல் போனதும் பள்ளி மேலே ஏறிவிட்டது. குக்கா செய்தது பழக்கதோஷம். ஆனால் எல்விரா தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்து உள்ளே அனுப்புகிறவள். ஊரை விட்டுப் போன நயேலிக்கும் அவள்தானே கைகொடுத்திருக்கிறாள்?

அவள் வீட்டுக்கே போனேன். நான் வகுப்புக்குப் போன நாட்களில் உனக்குச் சோறு ஊட்டிய அதே சமையலறை மேஜையில் உட்கார வைத்தாள். கேட்டுவிட்டேன். “குக்கா செஞ்ச தப்புக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?” என்றாள் முதலில். பிறகு அவளே, “சரி, பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்தேன். ஒரே ஒரு வருஷம் என் பள்ளிக்கு நல்ல பேரு வந்தா மூட மாட்டாங்கன்னு இருந்தேன். பள்ளிய மூடிட்டா அந்தப் பிள்ளைங்கதான் பஸ்ஸுல ஒரு மணி நேரம் போகணும். இதுல யார் குடி கெட்டுது?” என்றாள். மார்க் இல்லாத பிள்ளைக்குக் கோடை வகுப்பில் இடம் இல்லை, நயேலி பின்னம் தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறாள் என்றேன். “எழுதியிருந்தா தோத்திருப்பா கொமாத்ரே.” “தோத்திருந்தா இடம் கிடைச்சிருக்கும்.” அவள் என் காபியை எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

போர்டு கூட்டத்தில் ட்வைட், அவர்தான் மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் பெரியவர், பாராட்டெல்லாம் படித்துவிட்டுப் பேருக்கு என்னைப் பார்த்து, “மரிசேலா, பாத்தாச்சு இல்ல?” என்றார். தலையாட்டினால் போதும். எழுந்து, பார்த்துவிட்டேன், சரியில்லை என்றேன். மீதியை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, குரல் மட்டும் கீச்சென்று கேட்டது. முடிவுகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். லைப்ரரியில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கோடை வகுப்பு உண்டு. பள்ளியை என்ன செய்வது என்று இலையுதிர்காலத்தில் பேசுவார்களாம், அதுவும் என் தலையில்தான் விழும். எல்விரா கோயிலில் இப்போது எதிர்ப்பக்கம் உட்காருகிறாள். எனக்கோ, இது இந்த ஒரு பள்ளியில்தானா, வேறு பள்ளிகளிலும் பிள்ளைகள் கிளம்பும் முன்னாலேயே பேரை எடுத்தார்களா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. மற்றப் பள்ளிகளையும் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். யாரும் இப்போது என்னோடு மதியம் சாப்பிட உட்காருவதில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. கோடை வகுப்பு தொடங்கும் நேரம் பார்த்து ஒதீலியாவுக்கு வடக்கே பேரிக்காய் வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது. போகாமல் இருக்க அவர்களால் முடியாது. அதனால் வகுப்பு முடியும் வரை நயேலி உன் அறையில் இருக்கிறாள், உன் கட்டிலில்தான் படுக்கிறாள். உன் துணிகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் பேர் கூப்பிட்டபோது, வந்திருக்கிறேன் என்று அவள் கத்திய கத்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கையால் தொடுகிற நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். வருகிற வியாழன் உன் ஞானத்தாய்க்குப் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அவள் உனக்கு ஞானத்தாய் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா மரிசேலா