அப்பா கொடுத்த முத்தம், செலின் செய்த சத்தியம்

அன்புள்ள அப்பா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உயிரோடு இருப்பவர்களிடம் சொன்னால் சண்டையில் முடிகிறது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

என் மகள் செலின் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள். நீங்கள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரையில் சுண்டல் வாங்கிக் கொடுத்த அதே பேத்திதான். கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து, பொய்ச் சாட்சி சொல்லி, நிரபராதி ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பும் கிறிஸ்தவப் பெண்ணாக வருகிறாள். படம் வந்த மறு வாரமே, இனி பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வேண்டாம் என்று, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை அவளை நிறுத்திவிட்டது. தப்பு செய்துவிட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி வாசிக்கலாமாம். சொல்ல மாட்டேன் என்றாள். கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டாள்.

பேரவையில் முதலில் வாயைத் திறந்தது யார் தெரியுமா? உங்கள் தம்பி. "வேஷமோ நெசமோ, வேதபுத்தகத்து மேல கை வச்சு பொய் சொன்னது சொன்னதுதான்" என்றாராம் சித்தப்பா. வருடா வருடம், ஏசு பாடுபட்டதைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில், சீடர் இராயப்பராக வேடம் கட்டி, "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று ஆணையிட்டு மறுதலித்தவர். கோழி கூவியதும் மேடையில் அழுது, பார்த்தவர்களையும் அழவைத்தவர். அந்த ஆணையெல்லாம் யார் கணக்கில் போயிற்று, அப்பா?

அதே நாடகத்தில் நீங்கள் யூதாஸ், முத்தம் கொடுத்து ஏசுவைக் காட்டிக் கொடுப்பவர். மில் ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் பஞ்சுத் துகள் இருக்கும்போதே வசனம் சொல்லிப் பார்ப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கிடையாது. "டேய் யூதாஸ் மவனே, உங்கப்பன் இன்னிக்கி யாரக் காட்டிக் குடுத்தாரு?" என்பார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் நீங்கள் சிரித்தீர்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு வருடம் குருசுக்குப்பத்து மீன்கார அம்மா உங்களை விரட்டியது நினைவிருக்கிறதா? "எங்க ஆண்டவர காட்டிக் குடுத்த ஆளுக்கு எங்கிட்ட மீனு கெடையாது, போய்யா." அதைக் கேள்விப்பட்ட பழைய சாமியார்தான் அந்த வழக்கத்தைத் தொடங்கினார். ஈஸ்டர் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையின் முதல் ஆள், யூதாஸ் வேடம் போட்டவர். இவர் நம்மில் ஒருவர் என்று எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்று. மறுநாள் அந்த அம்மாவே மீனோடு நம் வாசலில் நின்றார். இப்போது நாடகம் நின்று பல வருடம் ஆகிறது. வழக்கமும் அதோடு போய்விட்டது.

ஆனால் நான் முழுக்க அவள் பக்கம் என்றும் எழுத முடியவில்லை. படத்தில் இருப்பது உங்கள் பைபிள். அம்மா இறந்தபோது ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தீர்களே, அதே புத்தகம். என்னைக் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறாள். தியேட்டரில் அவள் கை அதன்மேல் அமர்ந்தபோதுதான் அடையாளம் கண்டேன். கண் இமைக்காமல் பொய் சொன்னாள். இது நடிப்பா, இல்லை இத்தனை நாளும் இவளுக்குள் இருந்ததா? அந்த நிமிடம் நான் சித்தப்பாவின் கட்சியில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "வேற புஸ்தகமே கெடைக்கலியா ஒனக்கு?"

"ஷூட்டிங்ல டிக்‌ஷனரிக்கு பைபிள் அட்டை போட்டு வச்சிருந்தாங்கப்பா. அதுமேல கை வச்சா எனக்கு பயமே வரல. அந்தப் பொண்ணு உள்ளுக்குள்ள பயந்துகிட்டேதானே பொய் சொல்லணும்?"

"யாருக்குப் பயந்துகிட்டு?"

"இதப் போய் எங்கிட்ட கேக்கறீங்க." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்று, "தாத்தா பண்ணா பக்தி, நான் பண்ணா பாவமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

உங்கள் முத்தம் நினைவுக்கு வந்தது. கன்னத்தில் படாமல் பாவனை செய்தால் போதும் என்றுதான் ஒத்திகையில் சொன்னார்கள். நீங்கள் கேட்கவில்லை. "தொடாம குடுத்தா அது முத்தமும் இல்ல, துரோகமும் இல்ல" என்று சொல்லி, ஏசுவாக நின்றவரின் கன்னத்தில் அழுத்திக் கொடுத்தீர்கள். சரி. பிறகு வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் உதட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்களே, அது ஏன்? மனசாட்சி சுத்தமாக இருந்தவருக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு? கோர்ட் காட்சி எடுத்த அன்று செலினும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தலைவலி என்று நினைத்தேன்.

லாஸ்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். இரண்டு பக்கமும் வாதாடத் தெரியும். எந்தப் பக்கம் சரி என்றுதான் தெரியவில்லை. உதட்டைக் கழுவிக்கொண்டு வந்த உங்களை வரிசையில் முதலில் நிறுத்தினார்கள். பட்டினியாகப் படுத்தவளை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இது மட்டும் தெரிகிறது.

இந்த ஈஸ்டருக்கு அவளைக் கூப்பிடப் போகிறேன். வந்தால், வரிசையில் முதல் ஆளாக அவளை நிறுத்தி, பின்னால் நான் நிற்பேன். சித்தப்பா எனக்குப் பின்னால் நிற்கட்டும். வர மாட்டேன் என்றால், அவளோடு நானும் வீட்டில் இருப்பேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இதைப் பங்கின் மாத இதழுக்குத் தபாலில் போடுகிறேன். என் பெயரைப் போடவில்லை. எழுதியது யார் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும். ஆனால் என் பெயரைச் சொல்லி இங்கே யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட பெயர் எதுவோ, அதுவே போதும்.

இப்படிக்கு,
யூதாஸ் மவன்