என் ஜாயிண்ட்ல கோளாறு இல்ல

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க ரெண்டு பேரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்புறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைஞ்சிருக்கு, வாய்தான் குறையல. போன்ல சொன்னா பாதியிலயே விட்டுத் தொலைம்மான்னு வெட்டிடுவே, அதான் உக்காந்து எழுதுறேன், முழுசாப் படி.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போற கண்ணாடி இழை லைன் படுத்துடுச்சு. ஸ்கேன் படம் பெரிய டாக்டருக்குப் போய்ச் சேராம, ஒரு நோயாளியை ஆம்புலன்ஸ்ல வேற ஊருக்கு அனுப்பினாங்க, நல்லவேளை பிழைச்சுட்டாரு. மறுநாள் எங்க ஆபீஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாரு. போன மாசம் நான் அந்த இழையை ஒட்டிப் போட்ட ஜாயிண்ட் சரியில்ல, அதனாலதான் லைன் போச்சுன்னு எழுதியிருந்தது. வயசாச்சு, கை நடுங்கியிருக்கும், கையெழுத்துப் போட்டுட்டா சுமுகமா முடிச்சுடலாம்னாரு. இருபத்திரெண்டு வருஷமா தலைமுடி கனத்துல இருக்கிற கண்ணாடியை உருக்கி ஒட்டுற கை, நடுங்குதாம். எனக்குச் சுருக்குனு கோபம் ஏறிடுச்சு. சோதிக்காம எப்படிங்க எழுதினீங்க, சோதிக்கிற மெஷினை எடுங்க, உங்க முன்னாடியே பார்த்துடலாம்னுட்டேன்.

நீ சின்னப் பிள்ளையில இருந்து அம்மா வயர் வேலை பார்க்கிறாங்கன்னுதான் சொல்வே. அது வயர் இல்லடி, அதுல கரண்டு ஓடல, வெளிச்சம் ஓடுது. உள்ளே ஒரு கண்ணாடி, அதைச் சுத்தி கொஞ்சம் வேற மாதிரிக் கண்ணாடி. உள்ளே போன வெளிச்சம் ஓரத்துல சாய்வா முட்டுறதால வெளியேற முடியாம உள்பக்கமே திரும்பும், அப்படியே முட்டி முட்டிப் பல கிலோமீட்டர் ஓடும். அது அணைஞ்சு அணைஞ்சு எரியிறதுதான் அந்தப் பக்கம் உன் குரலாவும் ஸ்கேன் படமாவும் ஆகுது. இழையை ரொம்ப மடக்கினா சாய்வு கெட்டு வெளிச்சம் கசிஞ்சுடும். சோதிக்கிற மெஷின் ஒரு துளி வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வர்ற மினுக்கு எவ்வளவு நேரத்துல வருதுன்னு பார்த்து, எத்தனாவது மீட்டர்ல கோளாறுன்னு திரையில கோடு போட்டுக் காட்டிடும். மேனேஜரும், அந்தப் பாதையில ரோட்டைத் தோண்டி வேலை பார்த்த கான்ட்ராக்டரும் பக்கத்துல நிக்க நான் மெஷினைப் போட்டேன். என் ஜாயிண்ட் இருக்கிற ஆயிரத்து இருநூறாவது மீட்டர்ல கோடு அசையவே இல்ல. ஆயிரத்து எண்ணூத்து நாப்பதுல தொபுக்குனு விழுந்தது. கான்ட்ராக்டர் மூஞ்சி செத்துப் போச்சு. அங்க தோண்டினா, அவரு ஆளுங்க புதுசாப் பதிச்ச தண்ணிக் குழாய் எங்க கேபிளை மடக்கி நசுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. குழாயைத் தூக்க வெச்சு, கெட்ட துண்டை வெட்டி எடுத்துட்டு நானே ஒட்டினேன். மத்தியானமே படம் போகுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

மேனேஜர் மன்னிப்புக் கேக்கல. சரி சரி, இதைப் பெருசு பண்ணாதீங்கன்னாரு. பண்ணுவேன்னேன். நடந்ததை ரெண்டு பக்கம் எழுதி, மெஷின் கோட்டையும் அச்செடுத்துச் சேர்த்து மேலதிகாரிக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு கொடுத்துட்டேன். இன்னைக்கு என்னை லைன் வேலையில இருந்து எடுத்து, சாமான் அடுக்குற ஸ்டோருக்கு மாத்தி ஆர்டர் வந்திருக்கு, அதையும் எதிர்த்து எழுதிக் கொடுத்தாச்சு. அப்பா பயப்படுறாரு. வேலையை விட்டுட்டு வந்துடும்மான்னு நீ சொல்றதும் பாசத்துலதான், தெரியும். லீவு போட்டு வருவேன், தோத்துப்போய் வர மாட்டேன்.

நீ எடுத்து வெக்கிற அடி ஒவ்வொண்ணும் நல்லபடியா அமையட்டும், உடம்பும் மனசும் தெம்பா இரு. ஒண்ணு மட்டும் மறந்துடாதே. நீ செஞ்ச வேலையை உன் மேலதிகாரி தன் பேர்ல போட்டுக்கிட்டான்னு அப்பாகிட்ட அழுதியாமே. அழுது முடிச்சாச்சுன்னா, நாளைக்குக் காலையில போய் அவன் முன்னாடி நின்னு கேளு.

பாசத்தோட,
அம்மா